செவலையின் முதல் பால்

போன கிழமை சாவு வீட்டில் நாம் நாலைந்து பேர் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். முழங்கால், சீனி, பிரஷர் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு உங்களில் ஒருத்தி, "நம்ம காலத்துல ஏது ஊசி, ஏது மருந்து? ஒரு சங்கு கழுதைப்பால் ஊத்துனா புள்ள கிண்ணுன்னு வளந்துச்சு" என்றாள். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் மட்டும் பிளேன்டி தேத்தண்ணி எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பீர்கள். என்ன வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

மாத்தளைப் பக்கம், யட்டவத்தவுக்கு மேலே எங்கள் தோட்டம். மேட்டில் தேயிலை, பள்ளத்தில் கொக்கோ. கொக்கோ ஸ்டோரில் விதை புளிக்கிற வாசம் மழை நாளில் மலை ஏறி வந்து சோற்றுக்குள் எல்லாம் புகுந்துவிடும். அப்பா தோட்டத்துக் குதிரைக்காரர். அதனால் நாங்கள் மற்றத் தொழிலாளிகள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் இல்லை. குதிரை லாயத்தின் கடைசியில் எங்களுக்கு ஒற்றை அறையாக ஒரு காம்பரா இருந்தது. இடையில் ஒரு பலகைச் சுவர்தான். குதிரை காலை மாற்றி வைப்பது, மூக்கால் ஊதுவது, கொள்ளு அரைப்பது எல்லாம் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் சண்டை போடுவது அதற்குக் கேட்கும்.

அது செவலை நிறத்துப் பெட்டைக் குதிரை. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரை அதற்கு ஏதோ இங்கிலீசுப் பெயர் வைத்திருந்தார். எங்களுக்கு அது செவலை. பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. அப்பாவையும் என்னையும் தவிர வேறு யாரையும் தலையைத் தொட விடாது. அப்போது எனக்கு ஒன்பது வயது. என் தலை அதன் நெஞ்சு மட்டத்துக்குத்தான் வரும். ஆனாலும் நான் காதுக்குக் கீழே கையை வைத்தால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். இந்தப் பெருமையை நான் பள்ளிக்கூடத்தில் கொஞ்சமாகவா அடித்துக்கொண்டேன்?

சுதந்திரம் கிடைத்து, தொரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம். எங்கள் தொரையும் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார். போகுமுன் செவலையை லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்கு அனுப்பி, ஒரு பந்தயக் குதிரையோடு சேர்த்துக் கொண்டுவரச் செய்தார். தொரைமார் தமிழ் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அவருடையதும் அப்படித்தான். அந்தத் தமிழில் மரியாதை என்ற ஒன்றே கிடையாது, சாமியைக்கூட வா போ என்றுதான் சொல்வார். அப்பாவைக் கூப்பிட்டு அந்தத் தமிழில் சொன்னார்:

"குட்டி நல்லா வந்தா, குதிரை, குட்டி, நீ, மூணும் நுவரெலியா லாயத்துக்குப் போ. நான் காயிதம் குடுக்கறேன். குட்டி இல்ல, லாயம் இல்ல. நீ மலைக்குப் போ."

மலைக்குப் போவதென்றால் மம்பட்டி தூக்குவது. அப்பா பத்து வயதிலிருந்து குதிரை தேய்த்தவர். மம்பட்டி பிடிக்கத் தெரியாதவர் இல்லை, பிடிக்க மனமில்லாதவர். அன்று முதல் எங்கள் வீட்டுச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் செவலையின் வயிற்றைச் சுற்றியே நடந்தது.

ஒன்றரை மாதம் கழித்து மாத்தளையிலிருந்து மாட்டு டொக்டர் வந்தார். சிங்களவர், நல்ல மனிதர். நம்மிடம் தமிழில்தான் பேசுவார். சட்டையைக் கழற்றிவிட்டு, தோள் வரை சவர்க்காரம் பூசி, கையைப் பின்னாலிருந்து உள்ளே விட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் எதையோ தேடினார். பிறகு இன்னொரு பக்கம் தேடினார். கையை எடுத்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரெண்டு இருக்கு" என்றார்.

வாசலில் நின்ற பெண்களுக்கு ஒரே சந்தோஷம். ரெட்டைக் குட்டி, லட்சுமி, அது இது என்று ஆரம்பித்துவிட்டார்கள். டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "ஆட்டுக்கு ரெண்டு நல்லம். குதிரைக்கு நல்லம் இல்ல. அது வயித்துல இடம் ஒண்ணுக்குத்தான். ரெண்டும் வளந்தா ஒண்ணு மத்ததோட பங்கைத் திங்கும். கடைசில ரெண்டும் போகும், சில நேரம் தாயும் போகும். ரெண்டுல ஒண்ணைத்தான் தக்க வைக்க ஏலும்."

"அப்ப என்னங்க செய்யறது?"

"கொஞ்சம் முந்திக் கூப்பிட்டிருந்தா ஒண்ணை விரலால நசுக்கி விட்டிருப்பேன். இப்ப தொட்டா மத்ததுக்கும் ஆபத்து. தொரை அதுக்கு ஒத்துக்க மாட்டார். ஒரு மாசத்துக்குக் கொள்ளு, தவிடு எல்லாத்தையும் நிறுத்து. வெறும் புல்லு குடு, அதையும் குறைச்சுக் குடு. வயித்துல சத்துக் குறைஞ்சா சில நேரம் ஒண்ணு தானாக் கரைஞ்சிரும். மத்தது தங்கும்."

அப்பா அப்படியே செய்தார். காலையில் கொள்ளு வாளியின் சத்தம் கேட்காமல் செவலை பலகையைக் காலால் தட்டும். அப்பா காதைப் பொத்திக்கொண்டு புல் வெட்டப் போய்விடுவார்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. அப்போது அம்மாவுக்கு ஆறு மாதம், வயிற்றில் தம்பி. வயிற்றுப் பிள்ளைக்காரி பார்த்திருக்கச் சாப்பிட்டால் தொண்டையில் இறங்காது என்பார்களே, அம்மாவுக்குப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வயிற்றுப் பிள்ளைக்காரி பசியோடு நின்றாள். "டொக்டர் ஆம்பள. அவருக்கு என்னா தெரியும் இந்தப் பசி" என்று முணுமுணுத்துக்கொண்டு, அப்பா அந்தப் பக்கம் போனதும் ரொட்டித் துண்டு, சர்க்கரைத் துண்டு, சோறு வடித்த கஞ்சி என்று எதையாவது என் கையில் கொடுத்து அனுப்புவாள். விஷயம் தெரிந்து லயத்துப் பெண்களும் தொடங்கிவிட்டார்கள். கொழுந்து பறிக்கப் போகும்போது ஆளுக்கு ஒரு கை. ஜன்னல் கம்பிக்கு வெளியே நீளும் மூக்குக்கு எல்லோரும் ஊட்டினோம். அந்த மூக்கின் மெத்தென்ற சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

மாதம் முடிந்து டொக்டர் வந்து பார்த்துவிட்டு, "என்ன பட்டினி போட்டும் மெலியவே இல்லையே" என்றார். ரெண்டும் இருந்தன. அம்மா உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்தே பார்க்கவில்லை.

தம்பி பிறந்தான். நோஞ்சான்தான், ஆனால் குரல் மட்டும் பெரியது. அம்மாவின் சீரில் வந்த பித்தளைப் பாலாடை ஒன்று இருந்தது. ஓரம் தேய்ந்து, மூக்கு மட்டும் மினுமினுவென்று இருக்கும். அதில்தான் அவனுக்கு மருந்தும் ஓம நீரும். அவனுக்கு ஐந்து மாதம் ஆனபோது, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் கக்குவான் இருமல் வந்தது. ஒரு பிள்ளை இருமினால் எல்லாப் பிள்ளையும் இருமும். மூச்சை உள்ளே இழுக்கும்போது வருமே ஒரு சத்தம், அதைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேல் லயத்தில் ஒரு குழந்தை போய்விட்டது. டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்தார்கள். தம்பி இருமி இருமி நீலமாகி, அம்மாவின் தோளில் துணி மாதிரிக் கிடப்பான். எங்களுக்கு அவன் தங்க மாட்டான் என்றே பட்டது.

அதே கிழமைதான் செவலையின் மடி இறங்கியது. ஈனுவதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. ஆனால் காம்பிலிருந்து பால் சொட்டி வைக்கோலில் விழுந்தது. அப்பா ஓடிப்போய் பங்களாவில் சொல்ல, டொக்டர் வந்தார்.

"இது நல்ல அடையாளம் இல்ல. உள்ள ஒண்ணு செத்திருக்கும். மத்தது உசிரோட இருக்கலாம். அது பொறந்தா அதுக்கு இந்த முதல் பால்தான் உசிரு. ஒழுகறதை நிப்பாட்ட ஏலாது. ஆனா யாரும் கறக்க வேணாம். மடியைத் தொடவே வேணாம்."

அப்பா காம்பராவுக்கு வந்து இதைச் சொல் மாறாமல் அம்மாவிடம் சொன்னார். அம்மா தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் தோட்டத்து மருத்துவச்சி வந்தாள். தம்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல கக்குவானுக்குக் கழுதைப்பால்தான். இங்க கழுதைக்கு எங்க போறது?" என்றாள். பிறகு பலகைச் சுவரைப் பார்த்தாள். "கழுதையும் குதிரையும் ஒரே சாதிதானே."

அம்மா சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நான் அவளுக்குச் சோறு குடுத்தேன். அவ எம்புள்ளைக்கு ஒரு சங்கு பால் குடுக்க மாட்டாளா? ஒழுகி வைக்கோலுக்குத்தானே போவுது."

அப்பா மத்தியானம் கினிப்புல் வெட்டப் பள்ளத்துக்குப் போவார். அந்த நேரம்தான். நான் செவலையின் தலையைப் பிடித்துக்கொள்வேன். நான் பிடிக்காவிட்டால் அது அம்மாவைக் கிட்டவே விட்டிருக்காது. இதை நான் மறைக்கவில்லை. அம்மா குந்தி உட்கார்ந்து இரண்டு விரலால் பாலாடையில் இறக்குவாள். ஒரு பாலாடை என்று தொடங்கியது, நாலைந்து ஆனது. மேல் லயத்துப் பிள்ளைகளுக்கும் போனது. முதல் இரண்டு நாள் பால் பிசுபிசுவென்று மஞ்சளாக இருந்தது. நான் விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன், லேசான இனிப்பு. பிறகு நாளுக்கு நாள் வெளுத்து, நீர்த்துப் போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் அப்பா வழக்கமான நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். புல் கட்டைப் பொத்தென்று போடும் சத்தம் கேட்டது. அம்மாவின் கையிலிருந்து பாலாடை நழுவி வைக்கோலுக்குள் போய்விட்டது. தேட நேரமில்லை. நாங்கள் இருவரும் அடுத்த கதவால் வெளியே வந்து, சும்மா நின்றவர்கள் மாதிரி நின்றோம். மறுநாள் போனபோது பாலாடை லாயத்து ஜன்னல் கட்டையில் இருந்தது. சுத்தமாகக் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது. அம்மாதான் எடுத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். நான்தான் என்று அம்மா நினைத்தாள். கேட்டுக்கொள்ளவில்லை. தப்புச் செய்கிறவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

பதினோரு நாள் கொடுத்தோம். தம்பிக்கு இருமல் குறைந்தது. முதலில் நீலமாவது நின்றது, பிறகு அந்தக் கூவல் நின்றது. அம்மா மாரியம்மனுக்கு முடிந்து வைத்த காசை அவிழ்த்துப் பார்த்து அழுதாள். செவலையின் நெற்றியில் திருநீறும் பூசிவிட்டாள். அப்பா அதைப் பார்த்தார், துடைக்கவில்லை.

செவலை ஈன்றது ஒரு விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரம். முதலில் வந்தது உயிரோடு. கால்கள் மட்டும் நீளமாக, காது மடங்கி, ஒரு வெள்ளாட்டுக் குட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக. பின்னால் வந்தது பூனையளவு, வற்றிச் சுருங்கி. அப்பா அதைச் சாக்கில் சுற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, உயிரோடு இருந்ததைச் சாக்குத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது எழும்பும், விழும். எழும்பும், விழும். பகல் சாப்பாட்டு நேரத்தில்தான் நின்றது. நின்று, தேடி, மடியைப் பிடித்தது. அப்பா சிரித்ததை அந்த வருடத்தில் நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "பாரு தாயி, நாம நுவரெலியா போறோம்" என்றார்.

மூன்றாம் நாள் குட்டியின் முழங்கால் வீங்கிச் சுட்டது. நாலாம் நாள் படுத்தது. டொக்டர் ஊசி போட்டார். மடியை அமுக்கி, வந்த பாலை விரலில் எடுத்துப் பார்த்தார். தண்ணீராக இருந்தது.

"யாராவது கறந்தாங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

தொரை பக்கத்தில் நின்றார். அம்மா காம்பரா வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் செவலையின் தலைப் பக்கம்.

"இல்லைங்க. தானா ஒழுகிப் போச்சு" என்றார் அப்பா. "நான் கவனிச்சிருக்கணும். எம் பிழைதான்."

ஐந்தாம் நாள் அது செத்தது. நான் அழுத மாதிரி அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் அழுததில்லை, அம்மா சாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா அதைக் கொக்கோ மரத்துக்குக் கீழே, முதல் நாளே புதைத்த கூடப்பிறந்ததுக்குப் பக்கத்தில் புதைத்தார். செவலை இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் தம்பி இருமாமல் தூங்கினான்.

தொரை ஏசவில்லை. "நீ மலைக்குப் போ" என்றார், அவ்வளவுதான். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து லொறி வந்து செவலையை ஏற்றிக்கொண்டு போனது. பின்னால் தொரை கப்பல் ஏறினார். நாங்கள் லயத்துக்கு மாறினோம். லாயத்தில் உர மூட்டை அடுக்கினார்கள். அப்பா அதற்குப் பிறகு முப்பது வருடம் மம்பட்டி பிடித்தார், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினார். பாரம் தூக்கும்போது மட்டும், குதிரையை நகர்த்த நாக்கால் ஒரு சத்தம் கொடுப்பாரே, அது தானாக வரும்.

அம்மா சாகும்வரை ஒரே கதைதான். யார் வந்தாலும் தம்பியைக் காட்டி, "இவன் குதிரைப்பால் குடிச்சுப் பொழைச்ச புள்ள" என்பாள். அப்பா முன்னாலேயே சொல்வாள். முதல் தடவை சொன்னபோது நான் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி இருந்தார். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கலியாணமாகி, பல்லேபொலப் பக்கம் வந்து, ஒரு பசு வைத்திருந்தேன். கன்று போட்ட அன்று மிருக வைத்தியப் பெண் ஒருத்தி வந்தாள். சீம்பாலைத் தெருவுக்கெல்லாம் பங்கு வைக்க நான் சட்டி எடுத்தேன். அவள் ஏசினாள். கன்று எந்த நோயையும் தாங்கும் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது, அந்தச் சக்தி இந்த முதல் பாலில்தான் வருகிறது, குதிரைக் குட்டிக்கும் அப்படியேதான் என்றாள். குதிரை என்று அவள் ஏன் சொன்னாளோ தெரியாது. சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு நாள் கிளினிக்கில் நர்ஸ் நோனாவிடம் கக்குவானைப் பற்றிக் கேட்டேன். அது வந்தால் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டுத் தானாகப் போகும், தாங்குகிற பிள்ளை தாங்கும், கழுதைப்பாலும் குதிரைப்பாலும் அதற்கு ஒன்றும் செய்யாது என்று சிரித்தாள். ஆக, பதினோரு நாளும் நாங்கள் எடுத்தது குட்டியின் உயிரை. தம்பிக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை.

அப்பாவின் கடைசி வருடம் நான் போய் அவரோடு கொஞ்ச நாள் இருந்தேன். அம்மா அப்போது இல்லை. முற்றத்தில் மிளகு காயப் போட்டுக் கோழி விரட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு இனியும் பொறுக்கவில்லை. "அப்பா, அன்னிக்குச் செவலைப் பாலைக் கறந்தது அம்மாதான். தலையைப் பிடிச்சது நான்" என்றேன். நாற்பது வயதுக்காரி, ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அப்பா கோழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாலாடையைக் கழுவி ஜன்னல்ல வச்சது யாருன்னு நெனச்சே?"

நான் கோழி விரட்டும் குச்சியைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு மட்டுமா? ஒங்க ஆத்தா கறக்கட்டும்னுதானே தெனமும் பள்ளத்துல போய் ஒக்காந்திருந்தேன். டொக்டர் ஐயா சொன்னாருல்ல, ரெண்டுல ஒண்ணைத்தான் தக்க வைக்க ஏலும்னு. நான் நம்ம வீட்டுதை வச்சுக்கிட்டேன்."

அப்போதுதான் தம்பி லொறியை ரோட்டில் விட்டுவிட்டுப் படியேறி வந்தான். நல்ல உயரம், வாசலில் குனிந்துதான் வருவான். "என்னாக்கா அழுவுறே?" என்றான். அப்பா அவனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தார். குதிரையைத் தேய்த்து முடித்துவிட்டு, எட்டி நின்று பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வை.

நர்ஸ் நோனா சொன்னது என் நாக்கு நுனியில் இருந்தது. "மிளகுக் காரம்டா, கண்ணுல பட்டிருச்சு" என்று சொல்லிவிட்டு, அவனுக்குத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.